பாலிஹவுஸ் கரண்ட் பில்லை ஏற்றிவிடும் தவறுகள்

நெதர்லாந்தில் பசுமைக்குடிலைச் சூடாக்க எரிவாயு எரிக்கிறார்கள். நம் ஊரில் கதை தலைகீழ். சூடு சும்மாவே வருகிறது, அதை வெளியே துரத்தத்தான் காசு. இது தெரியாமல் குளிர் நாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில், போட்டவர்கள், மாதாமாதம் பில்லைப் பார்த்து நொந்துகொள்கிறார்கள்.

தவறு பெரும்பாலும் இடத்திலேயே தொடங்குகிறது. ஓசூர், தளி பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே ரோஜாவும் ஜெர்பராப் பூவும் ஃபேன் இல்லாமலேயே, காற்றோட்டத்தை மட்டும் நம்பி நன்றாக வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, சமவெளியில் அதே செடியை நட்டு, "ஃபேன் போட்டுச் சமாளித்துக்கலாம்" என்கிறவர்கள் நிறைய. நாற்றங்காலுக்கும் கொத்தமல்லிக்கும் நிழல்வலைக் குடிலே போதும் என்கிற இடத்தில், மானியம் கிடைக்கிறதே என்று பாலிஹவுஸ் போடுவதும் இதே ரகம்தான்.

சரி, ஃபேனும் கூலிங் பேடும் (தண்ணீர் ஊறும் அட்டைச் சுவர்; ஃபேன் இழுக்கும் காற்று இதன் வழியே வந்து குளிரும்) போட்டே தீருவேன் என்றால், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, சித்திரை மாதத்து மதியம் 2 மணிக்கு நிழலில் நின்று நன்றாக விசிறுங்கள். அப்போது அது காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றை அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. நடைமுறையில் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் 80 சதவீதம் இறங்கினாலே பெரிய விஷயம். உள்மாவட்டத்தில் வெளியே 38 டிகிரி, ஈரக்குமிழ் 24 என்றால் பேடைத் தாண்டி வரும் காற்று 27 டிகிரிக்கு வந்துவிடும். கடலோரத்தில் வெளியே 34, ஈரக்குமிழ் 28 என்றால் 29 வரைதான் இறங்கும். அங்கே 11 டிகிரி லாபம், இங்கே 5. கரண்ட் என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, அந்தக் காற்று எதிர்ப்புறம் உள்ள ஃபேனுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி சூடேறிவிடும். அதனால் பேடுக்கும் ஃபேனுக்கும் நடுவே 40 மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இயற்கைக் காற்றோட்டக் குடிலில் கஞ்சத்தனம் காட்டுவது திறப்புகளில். தரைப் பரப்பில் 15 முதல் 30 சதவீதம் வரை திறப்பு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நம் வெயிலுக்கு மேல் அளவையே பிடியுங்கள். இதில் பூச்சிவலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை கட்டினாலே காற்று கணிசமாகக் குறையும், தூசி படிந்தால் கேட்கவே வேண்டாம். வலை கட்டுவதாக இருந்தால் திறப்பைப் பெரிதாக்க வேண்டும், வலையை அவ்வப்போது கழுவ வேண்டும். கூரைத் திறப்பு, காற்று வரும் திசையைப் பார்த்து இல்லாமல், போகும் திசையைப் பார்த்து இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை பக்கம் அது கிழக்கு பார்த்து இருந்தால்தான் உள்ளே தேங்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். கூரை படபடவென்று அடித்துக் கிழிவதும் குறையும்.

நிழல்வலையை உள்ளே கட்டுவது இன்னொன்று. கறுப்பு வலை வெயிலை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடும். முடிந்தால் கூரைக்கு வெளியே கட்டுங்கள். உள்ளேதான் முடியும் என்றால், வெயிலைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் பட்டை வலை நல்லது.

ஒரு பூத்தோட்டத்தில் காலை 9 மணிக்கே எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காரணம் தேடினால், சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை வெயில் நேரே விழும் தூணில் மாட்டியிருந்தார்கள். செடிக்கு இல்லாத சூடு அதற்கு மட்டும்! செடி உயரத்தில், நிழலில், காற்று படும்படி தொங்கவிட்டதும் தேவையில்லாத ஓட்டம் நின்றது. அதே குடிலில் பேடுக்குப் பக்கத்தில் கை நுழையும் இடைவெளி வேறு. ஃபேன் இழுப்பதில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகச் சுடுகாற்றாகவே வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துபோட்டு வேலை செய்தாலும் இதே நஷ்டம்தான்.

இன்னொரு கணக்கு: ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மிதமான வெயில் நாட்களில் இது பெரிய சேமிப்பு. அதனால் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவிக்குச் செலவழிக்கலாம்.

சொட்டுநீர் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் மீட்டர் வையுங்கள். வித்தியாசம் அரை கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) தாண்டினால் கழுவுங்கள். அடைத்துப்போன ஃபில்டரை எதிர்த்துத் தள்ளியே மோட்டார் கரண்டைத் தின்னும். தண்ணீரில் உள்ள உப்பு பேடில் படிந்து காற்றை அடைப்பதும் உண்டு. பேடுக்குப் போகும் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை அவ்வப்போது வெளியேற்றுவதுதான் வழி. அதற்கு மழைநீர் இருந்தால் அருமை: ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 1000 சதுர மீட்டர் கூரை மேல் 8 லட்சம் லிட்டர் விழுகிறது. பெரும்பாலான குடில்களில் அது கான் வழியாக வீணாக ஓடிவிடுகிறது.

சோலாரை முதலில் போடுவதும் அவசரம். ஓட்டைகளை அடைத்து, திறப்புகளைச் சரிசெய்து, தேவையைக் குறைத்த பிறகு போட்டால் பாதிப் பலகைகள் போதுமானதாக இருக்கலாம். பலகைகளைக் குடிலின் கூரை மேல் வைத்துச் செடிக்கு வெளிச்சத்தை மறைக்காமல் இருந்தால் சரி.

அப்புறம், ஃபேன்-பேட் குடிலிலும் ஒரு பக்கத் திரையையாவது சுருட்டித் திறக்கும்படி அமைத்து, அதற்கு ஒரு கைப்பிடியும் வையுங்கள். மதியம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால், மூடிய குடில் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று குடிலில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.