முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் ஒரே அளவுகோல்

ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது மதிப்பெண் ஏறி இறங்குவதற்கு ஒரு காரணம் தாள்களின் வரிசை. சுமாரான கட்டுரை ஒன்று மிக நல்ல தாளுக்குப் பின்னால் வந்தால் 5 வாங்கும். மோசமான தாளுக்குப் பின்னால் வந்தால் அதுவே 7 வாங்கிவிடும்.

தொடங்கும் முன் 6 தாள்களை எடுங்கள். மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் தனியாகக் குறித்து, உடன் திருத்துபவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். 10க்கு 2 வித்தியாசம் வந்தால், விடைக்குறிப்பின் எந்த வரியை இருவரும் வேறுவிதமாகப் படித்தீர்கள் என்று பேசித் தீர்த்த பிறகே மேலே போங்கள். ஒத்துப்போனவற்றில் நல்லது, நடுத்தரம், பலவீனம் என மூன்றை மேசையிலேயே வைத்திருங்கள். சந்தேகம் வரும்போது முந்தைய தாளைப் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள்.

ஒருவரின் முழுத் தாளையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம். எல்லோருடைய முதல் கேள்வி, பிறகு எல்லோருடைய இரண்டாம் கேள்வி. அழகான கையெழுத்தும் நல்ல முதல் விடையும் அடுத்த விடைக்குச் சலுகை வாங்கித் தருவது இதனால் குறையும்.

பிழை விஷயத்தில்தான் மாணவருக்கு அதிக அநியாயம் நடக்கிறது. 'ஹி கோஸ்' என்பதற்குப் பதிலாக 'ஹி கோ' என்று 4 இடங்களில் எழுதியிருந்தால் அது ஒரே பிழை. விடைக்குறிப்பு வேறுவிதமாகச் சொல்லாதவரை இலக்கணத்தில் ஒருமுறை கழித்தால் போதும். அதற்காகக் கருத்துக்கான மதிப்பெண்ணிலும் கைவைக்காதீர்கள்.

20 தாள் முடிந்ததும் முதல் 5 தாள்களின் மதிப்பெண்ணை மறைத்துவிட்டு மறுபடி திருத்திப் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் கை இறுகியிருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. அந்த 20ஐயும் மீண்டும் எடுங்கள்.