உயர்த்திய லேண்ட் குரூசரின் அலைச்சலைச் சரிசெய்த விதம்

யூட்டா மாநிலத்து மோவாப் பாறைத் தடங்களில் அடிப்பாகம் இடிபடாமல் செல்வதற்காக, என் 80 வரிசை டொயோட்டா லேண்ட் குரூசரை நீண்ட காயில் ஸ்பிரிங்குகளால் 2 அங்குலம் உயர்த்திய பின், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாமல் வண்டி இருபுறமும் அலைந்தது. முன் அச்சைச் சட்டத்துடன் இணைத்துத் தாங்கும் நீண்ட கைகளான ரேடியஸ் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும்போது அச்சும் முன்புறமாகச் சுழன்று, காஸ்டர் கோணம் (முன் சக்கரங்கள் திரும்பும் சுழற்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு; ஸ்டீயரிங்கை நடுநிலைக்குத் திருப்புவது இதுவே) குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் இத்தகைய திட அச்சில் காஸ்டரைத் திருத்தத் தனித் திருகு இல்லாததால், வழக்கமான அலைன்மென்ட் இங்கே உதவாது. ஆகவே, ஆர்ம்களின் அச்சுப் பக்கத்துப் பழைய புஷ்களை (இணைப்பில் பொருந்தும் ரப்பர் உறைகளை) எடுத்துவிட்டு, துளை மையத்திலிருந்து விலகி அமைந்த திருத்தப் புஷ்களை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தினேன். திசை மாறிப் பொருத்தினால் கோணம் மேலும் குறையும் என்பதால், இந்த ஒரு வேலையில் அவசரம் கூடவே கூடாது. பக்கவாட்டில் நகர்ந்திருந்த அச்சை, அச்சைப் பக்கவாட்டில் சட்டத்துடன் பிணைக்கும், நீளம் மாற்றத்தக்க பான்ஹார்ட் தண்டு நடுவுக்குக் கொண்டுவந்தது. பிரேக் ஹோஸ்களையும் நீளமானவையாக மாற்றினேன்.