மதுரை வெயிலுக்கு எத்தனை டன் ஏசி வேண்டும்? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

அனுப்பானடியில் மாடி வீட்டில் குடியிருந்தபோது நாங்கள் வாங்கிய முதல் ஏசி 1 டன். கடையில் கேட்டது ஒரே கேள்விதான்: "ரூம் எத்தனை சதுர அடி?" 130 என்றோம். "ஒரு டன் தாராளமாப் போதும்" என்றார்கள். அந்த வருடக் கத்திரியில் இரவு பதினொரு மணி ஆகியும் அறை குளிரவில்லை. கீழ் வீட்டிலும் அதே அளவு அறை, அதே 1 டன். அவர்கள் போர்வை போர்த்தித் தூங்கினார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் எங்கள் தலைக்கு மேல் இருந்தது, அவர்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் மதுரைப் பக்கம் ஏசி வாங்குபவர்கள் தரையை அளப்பதோடு நிறுத்தாமல் கூரையையும் சுவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 1: அளவெடுங்கள்

டேப் வைத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். 12 அடிக்கு 11 அடி என்றால் 132 சதுர அடி. கதவு இல்லாமல் ஹாலோடு திறந்து கிடக்கும் அறை என்றால் ஹாலையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

படி 2: வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

நல்ல வெயில் நாளில் இரவு எட்டு மணிக்கு அறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் அந்தச் சுவர் மாலை வெயிலைச் சேமித்து வைத்து, இப்போது உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் தளமும் இதே வேலையைத்தான் செய்யும். தூங்கப் போகும் நேரத்தில் மாடி அறை புழுங்குவது இதனால்தான். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கச் சுவரில் வெயில் விழாது. புறநகரில் தனியாக நிற்கும் புது வீட்டுக்கு நாலு பக்கமும் வெயில்.

படி 3: வாட் கணக்கு

1 டன் என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் திறன். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதிலிருந்து வந்த அளவு இது. ஏசியின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பத்தடி உயர அறைக்கு நான் போடும் தோராயக் கணக்கைச் சொல்கிறேன். மேலே இன்னொரு வீடு இருந்தால் சதுர அடிக்கு 25 வாட். மேலே மொட்டை மாடி என்றால் 32. மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் 28 போதும். வெயில் படும் மேற்குச் சுவருக்கு 400 வாட், நிழல் இல்லாத மேற்கு ஜன்னலுக்கு 500 வாட் சேருங்கள். இரண்டு பேருக்கு மேல் படுத்தால் ஆளுக்கு 100.

அந்த 132 சதுர அடி அறை மாடியில் இருக்கிறது, மேற்குச் சுவரும் ஜன்னலும் உண்டு, அப்பா அம்மாவோடு ஒரு பிள்ளையும் படுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,224 + 400 + 500 + 100 = 5,224 வாட். அதாவது 1.5 டன். அதே அறை கீழ்த்தளத்தில் நிழலாக இருந்தால் 3,300 + 100 = 3,400. 1 டன் போதும்.

சரி, எதற்கு வம்பு, 2 டன்னே வாங்கிவிடலாமா? வேண்டாம். தேவைக்கு மிகப் பெரிய ஏசி அறையைச் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்று நின்று ஓடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஐப்பசி மழைக்காலத்தில் உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்து ஓடும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் வரம்பு உண்டு.

படி 4: கடையில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

1.5 டன் என்று விற்கும் எல்லா ஏசியும் ஒன்றல்ல. ஒன்று 4,800 வாட்டாகவும் இன்னொன்று 5,200 வாட்டாகவும் இருக்கலாம். ஸ்டார் ஸ்டிக்கரில் குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சிட்டிருக்கும். முழுத் திறனுக்கான எண்ணை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். அந்த எண் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்தது. நம் ஊரில் கத்திரியில் 40ஐத் தொடும் நாட்களில் அதே ஏசியின் திறன் குறையும். ஆகவே இரண்டு மாடல்களுக்கு நடுவே தயங்கினால், மாடி அறைக்கு வாட் கூடியதை எடுங்கள். எத்தனை ஸ்டார் என்பது கரன்ட் செலவைச் சொல்லுமே தவிர, எவ்வளவு குளிரும் என்பதைச் சொல்லாது.

படி 5: மாட்டும் இடம்

அவுட்டோர் யூனிட்டை மேற்கு வெயிலிலோ, காற்று புகாத சின்ன பால்கனியிலோ வைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுத்தால் 1.5 டன் வாங்கியும் பலனில்லை. வடக்குச் சுவர் கிடைத்தால் நல்லது. அப்புறம், ஆள் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசிக்குத் தனி வயரும் தனி எம்சிபியும் (கரன்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டு வையுங்கள்.