மைலா, மலிவா: சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பறப்போர் போட வேண்டிய கணக்கு

தீபாவளிக்கோ ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கோ ஊருக்குப் போகச் சீட்டு எடுக்கும் நேரம் வந்ததும், சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. மலிவுக் கட்டண விமானத்தில் போனால் மிச்சமாகும் பணம் ஊர்ச் செலவுக்கு ஆகும் என்பது ஒரு கட்சி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போனால்தான் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் (பறக்கும் தொலைவுக்கு ஏற்பச் சேர்ந்து, பின்னர் இலவசச் சீட்டுக்கு உதவும் புள்ளிகள்) சேரும், இடையில் விட்டால் இதுவரை சேர்த்ததும் வீண் என்பது மற்றது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும், சொந்தக் காசில் ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு, மைலுக்காகக் கூடுதல் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் நட்டமே என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 1,800 மைல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மிகக் குறைந்த கட்டண வகையான எகானமி லைட்டில் அதில் பாதி மட்டுமே கணக்கில் ஏறும் என்பதால், போய்த் திரும்பினால் சேர்வது சுமார் 1,800 மைல்கள். சென்னைக்கு ஒருவழி இலவசச் சீட்டு எடுக்க 15,000-க்கும் மேற்பட்ட மைல்கள் வேண்டும். சேர்ந்த மைல்களோ மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். கட்டணம் செலுத்திச் சில மாதங்கள் நீட்டிக்கலாம் என்றாலும் அது தள்ளிப்போடுவதே தவிரத் தீர்வாகாது. ஆண்டுக்கு இருமுறை தவறாமல் சென்னைக்குப் போய்வருபவருக்குக்கூட மூன்று ஆண்டுகளில் 10,800 மைல்கள்தான் தேறும். ஒருவழிச் சீட்டுக்கே அது போதாது. குடும்பமாகப் போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் பறந்து ஈட்டும் மைல்கள் அவரவர் கணக்கில்தான் சேரும். நான்கு பேர் கணக்கிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நான்கு கணக்கிலும் தனித்தனியே காலாவதியாகின்றன.

மைலின் மதிப்பைப் பணமாகவும் பார்த்துவிடலாம். மைல் சேர்ப்பதில் கவனமாக இருப்பவர்கள் ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு முதல் இரண்டு காசு வரை மதிப்புப் போடுகிறார்கள். அப்படியானால் சென்னைப் பயணம் ஒன்றில் கிடைக்கும் 1,800 மைல்களின் மதிப்பு 27 முதல் 36 வெள்ளி. இரு விமானங்களின் கட்டண வேறுபாடு அதற்குள் இருந்தால் தாராளமாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸை எடுங்கள். ஆளுக்கு 120 வெள்ளி வேறுபாடு என்றால், நான்கு பேருக்கு 480 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து, அதிகம் போனால் 144 வெள்ளி மதிப்புள்ள மைல்களை வாங்குகிறீர்கள்.

ஆனால் இந்த வேறுபாட்டை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மலிவுக் கட்டண விமானமான ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை, பெட்டி எல்லாம் சேர்த்து விமானத்தினுள் கொண்டுசெல்லும் 10 கிலோ மட்டுமே அடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எகானமி லைட்டில் சரக்கறையில் 25 கிலோவும் கையில் 7 கிலோவும் உண்டு, சாப்பாடும் உண்டு. போகும்போது மைலோ, பிஸ்கட் டின், கோடாலித் தைலம், சாக்லெட், துண்டு என்று உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் கட்டுபவர்கள் நாம். திரும்பும்போது புடவை, முறுக்கு, வடகம், மசாலாப் பொடி என்று பெட்டி இன்னும் கனக்கும். ஆகவே பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்த பிறகே இரண்டு விலைகளையும் ஒப்பிட வேண்டும். பெட்டி எடையைச் சீட்டு எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். விமான நிலைய முகப்பில் கூடுதல் எடைக்குக் கட்டுவது மிக அதிகம். போவதற்கும் வருவதற்கும் தனித்தனி எடை வாங்கலாம் என்பதால், 20 கிலோவில் போய் 30 கிலோவில் திரும்பும் ஏற்பாடு நம் குடும்பங்களுக்குப் பொருத்தமானது.

விலையைவிட முக்கியமானது, விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்பது. மைல் பற்றிய பேச்சில் இது மறந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தமிழகத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானத்தில் செல்வது சென்னைக்கு மட்டும்தான். திருச்சிக்கும் கோவைக்கும் போவது அதன் துணை நிறுவனமான ஸ்கூட். திருச்சிக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் உண்டு; மதுரைக்கு நேரடிச் சேவையை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நடத்திவந்துள்ளது. பருவ அட்டவணைகள் மாறுவதால், பயண மாதத்துக்கு உரிய அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம். சிங்கப்பூரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கத்தவர் ஏராளம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர், புதுக்கோட்டை சுமார் 50. சென்னையில் இறங்கினாலோ தஞ்சாவூருக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். நான்கு மணி நேரம் பறந்து வந்த களைப்போடு, குழந்தைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் வாடகைக் காரில் போவதற்கு ஆகும் பணத்தையும் உடல் வருத்தத்தையும் 1,800 மைல்கள் ஈடுகட்டா. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் போவோர் மாநில எல்லையை மறந்துவிட்டுத் திருவனந்தபுரத்தையும் பார்க்கலாம். அங்கும் ஸ்கூட் போகிறது.

சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவதாக இருந்தால், இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது, அந்த இழப்பு உங்களுடையதாகிவிடும்.

மைல் விசுவாசம் உண்மையிலேயே பயன்தரும் சிலர் இருக்கிறார்கள். அலுவலகச் செலவில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அடிக்கடி பறப்பவர், பன்னிரண்டு மாதங்களில் 50,000 எலீட் மைல்களை (உறுப்பினர் தகுதிக்கெனத் தனியாக எண்ணப்படுபவை) எட்டினால் எலீட் கோல்டு என்ற உயர்நிலை உறுப்பினர் ஆகிறார். பெட்டிகளை எண்ணிக்கையால் அல்லாமல் எடையால் கணக்கிடும் தடங்களில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இடம்பெற்றுள்ள ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் விமானங்கள் அவருக்கு 20 கிலோ கூடுதலாக அனுமதிக்கின்றன. ஏர் இந்தியா 2014-இல் அந்தக் கூட்டணியில் சேர்ந்ததால் அதிலும் இது செல்லும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கூட்டணியில் இல்லை. கல்யாணத்துக்குச் சாமான் கொண்டுபோகும் வீட்டில் அந்த 20 கிலோ பெரிய உதவி.

மற்றவர்களுக்கு மைல்கள் வரும் வழி கடன்பற்று அட்டைதான். பொதுச் செலவுக்கு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் வரையும், சில அட்டைகளில் குறிப்பிட்ட செலவுகளுக்கு வரம்புக்கு உட்பட்டு 4 மைல் வரையும் கிடைக்கின்றன. மலிவு விமானத்தின் சீட்டையே அந்த அட்டையில் வாங்கினாலும் மைல் சேரும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அட்டைச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளை கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றியதும் மூன்றாண்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதால், வங்கியிலேயே காலாவதியாகும் நிலை இல்லாதவரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மாதக் கணக்கை முழுமையாகக் கட்ட இயலாதவர் இந்த வழிக்கே வரக்கூடாது; ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேலான அட்டை வட்டிக்கு முன் எந்த மைலும் நிற்காது.

இப்படிச் சேரும் மைல்களை விடுமுறைப் பயணத்துக்குச் செலவழிக்க நினைப்பவர்கள், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைகளைப் பயண நாளுக்கு 355 நாட்கள் முன்பே திறக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், டிசம்பர் நாட்களுக்கான சேவர் இருக்கைகள், அதாவது குறைந்த மைலில் கிடைக்கும் இருக்கைகள், விரைவில் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், அவற்றை விடுமுறைக்குச் செலவழிக்காமல் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைப்பேன். ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடல்நிலை மோசம் என்று இரவில் தொலைபேசி வரும்போது, மறுநாள் விமானத்தின் கட்டணம் வழக்கத்தைவிடப் பல மடங்காகியிருக்கும். அட்டவணைப்படி மைல் விலை நிர்ணயிக்கப்பட்ட இருக்கை கிடைத்தால் அந்த ஏற்றம் உங்களைத் தொடாது. சேவர் இல்லாவிட்டாலும் கூடுதல் மைல் கேட்கும் அட்வான்டேஜ் வகை இருக்கக்கூடும். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் மட்டும் பணமாகக் கட்ட வேண்டும்.

அந்த இருக்கைகளை மனைவி, கணவர், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருக்கும் எடுக்கலாம். உங்கள் மைல்களில் சீட்டு எடுக்கத் தகுதியுள்ள நியமனதாரராகக் கணக்கில் ஐந்து பேர் வரை சேர்க்க இடமுண்டு. அவர்களை இப்போதே சேர்த்துவிடுங்கள். குறிப்பாக, ஊரிலுள்ள பெற்றோரின் இந்தியக் கடப்பிதழ்களில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருப்பதும், தலைப்பெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருப்பதும் சாதாரணம். கடப்பிதழின் படத்தை வரவழைத்து, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்து, ஐயம் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும்.