வேலைப் பயணத்துக்கு உடை எடுக்கும்போது

கடையில் முதலில் துணியின் ஓரத்தைக் கைக்குள் 10 நொடி இறுகக் கசக்கிப் பார்ப்பேன். சுருக்கம் அப்படியே நின்றால் பயணத்துக்கு ஆகாது. லினன் இதில் தோற்றுவிடும். மெல்லிய கம்பளியும் பாலியஸ்டர் கலந்த பருத்தியும் தாங்கும்.

அப்புறம், போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது. உட்காருங்கள், கையை மேலே தூக்குங்கள். தோள் அளவு முதலிலேயே சரியாக இருக்கட்டும், அதைத் திருத்துவது கடினம். இடுப்பையும் நீளத்தையும் தையற்காரர் பார்த்துக்கொள்வார்.

ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். விமானத்தில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

ஒரு முறை என் பெட்டி வந்து சேரவில்லை. கசங்கிய டீ சர்ட்டோடு கூட்டத்தில் உட்கார்ந்தேன், மனசே சரியில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டை எப்போதும் கைப்பையில்தான்.