ஐ.இ.பி. தாளில் கையெழுத்துப் போடும் முன்: பெற்றோருக்கான செய்முறை

"உங்கள் குழந்தைக்கு ஐ.இ.பி. போட்டிருக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று பள்ளியில் சில பக்கங்களை நீட்டுவார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டம் அதுதான். குழந்தைக்கு இன்று என்னென்ன வரும், அடுத்த சில மாதங்களில் எதைக் கற்க வேண்டும், யார் எப்படிச் சொல்லித் தருவார்கள், கற்றுக்கொண்டதை எப்படி அளப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி, அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் குழந்தையின் தேவைக்கேற்ற ஆதரவைத் தரவேண்டும். ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும். தனியார் பள்ளி என்றாலும் இது பொருந்தும்.

படி 1: வீட்டுக் குறிப்பு

இந்தத் திட்டம் பற்றிப் பேசப் பள்ளி அழைக்கும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நோட்டு போடுங்கள். தானாகச் செய்வது, உதவியோடு செய்வது, எது பிடிக்கும், எதில் மிரளும் என நாலு தலைப்பு போதும். "சாப்பிடுவான்" என்று எழுதினால் ஆசிரியருக்கு எதுவும் விளங்காது. "இட்லியைப் பிய்த்துச் சாப்பிடுவான், சாதம் பிசையத் தெரியாது" என்று எழுதுங்கள். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), மருத்துவ அறிக்கை, இருந்தால் செவித்திறன் பரிசோதனைத் தாள் ஆகியவற்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 2: தற்போதைய நிலை

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் எம்.டி.பி.எஸ். என்னும் மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் உருவான இதில் 18 திறன் பகுதிகள் உண்டு. பகுதிக்கு 20 வீதம் மொத்தம் 360 திறன்கள். எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை என்பதால், எங்கே 'வரும்' முடிந்து 'வராது' தொடங்குகிறதோ அங்கேதான் அடுத்த இலக்கு இருக்க வேண்டும். மதிப்பீடும் உங்கள் நோட்டும் முரண்பட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்வதைப் புது இடத்தில் செய்யாத குழந்தைகள் ஏராளம்.

படி 3: இலக்கு வாக்கியம்

மற்ற பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தாலும், இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள். "கணக்கில் முன்னேற்றம் காண்பாள்" என்பது இலக்கே அல்ல. நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி இருக்க வேண்டும்: "2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் கலந்து வைத்தால், கேட்ட நாணயத்தை உதவியில்லாமல் எடுத்துத் தருவாள், 10 முறையில் 8 முறை, தொடர்ந்து 3 நாள்." எந்தச் சூழலில், என்ன செய்வாள், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை சரியாக என்ற நாலும் இதில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு பருவத்துக்கு மூன்று, நான்கு இலக்குகள் போதும். பதினைந்து இலக்குகள் எழுதிய தாள் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எதையும் தினமும் பழக்க நேரம் இருக்காது.

படி 4: வேலையைத் துண்டாக்குவது

எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போடுவதை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பார்த்துப் பிடிப்பது, ஒரு கால் நுழைப்பது, மறு கால் நுழைப்பது, முழங்காலுக்கு மேலே இழுப்பது, இடுப்பு வரை ஏற்றுவது என ஐந்து துண்டுகள். கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். முதல் நாலையும் நீங்கள் செய்துவிட்டு, இடுப்புக்கு ஏற்றுவதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். "நானே போட்டேன்" என்று முடிப்பது எப்போதும் குழந்தையாகவே இருக்கும். அடுத்த தடவையும் ஆசையாக வரும். அது நன்றாகப் பழகியபின் அதற்கு முந்தைய துண்டு.

படி 5: உதவியைக் குறைப்பதும் குறிப்பதும்

சொன்னபின் 5 விநாடி காத்திருங்கள். செய்யாவிட்டால் சைகை காட்டுங்கள், அதற்கும் நகராவிட்டால் கைபிடித்துச் செய்ய வையுங்கள். நோட்டில் 'தா' (தானாக), 'சை' (சைகை), 'கை' (கைபிடித்து) என ஒரே எழுத்தில் குறித்தால் போதும். பள்ளியிலும் இதே குறியீட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இங்கே அடிக்கடி ஒரு பிழை நேர்கிறது. "பத்து ரூபாய் எடு" என்று கேட்கும்போதே நம் கண் அந்த நாணயத்துக்குப் போய்விடும். குழந்தை நம் கண்ணைப் பார்த்து எடுக்கும். நாணயம் எப்போதும் வலப்பக்கமே இருந்தால் இடத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி வையுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வகுப்பில் வந்துவிட்டால் தெருக்கடையிலும் பழக்குங்கள்; மேசையில் சரியாக எடுப்பவள் கடையில் தடுமாறுவது சகஜம்.

படி 6: மறுஆய்வு

மறுஆய்வுத் தேதியைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தள்ள வேண்டாம். "பரவாயில்லை, நன்றாகச் செய்கிறான்" என்பது பதில் ஆகாது, பதிவேட்டைக் கேளுங்கள். இரண்டு வாரமாக 'கை'யிலேயே நின்றால் துண்டு பெரிதாக இருக்கிறது, அல்லது பாராட்டாகக் கொடுக்கும் பொருள் குழந்தைக்குச் சலித்துவிட்டது. தூக்கமின்மை, காதுக்கருவியில் பேட்டரி தீர்ந்தது, வலிப்பு மருந்தின் அளவு மாறியது போன்ற காரணங்களையும் பாருங்கள். "இவனுக்கு வராது" என்று இலக்கைத் தாளிலிருந்து நீக்கும் முன் இவை அத்தனையும் பார்த்தாக வேண்டும்.

திட்டத்தின் நகல் ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கட்டும். வகுப்பாசிரியர் மாறினால் அதையும் கடைசிப் பதிவேட்டையும் முதல் வாரமே புதியவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்த பாடத்தையே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.