தேன்பெட்டிக்குள் ஒரு பட்டன் செல்: மூன்று மாதத்தில் தீராமல் இருக்க

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வைக்கும் தேன்பெட்டிக்குள் வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் புளூடூத் சென்சார் இது. என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சிப் உள்ள மாட்யூல், வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்எச்டி31 சென்சார், சிஆர்2032 பட்டன் செல், 100 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், மல்டிமீட்டர் போதும். யுஎஸ்பி வைத்த போர்டு வேண்டாம். அதில் எரியும் எல்இடியே செல்லைக் குடித்துவிடும்.

முதலில் அட்வர்டைசிங் இடைவெளி, அதாவது சென்சார் தன் அளவைப் புளூடூத்தில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது என்பது. ஒருமுறை அனுப்ப ஏறத்தாழ 10 மைக்ரோகூலும் மின்னூட்டம் என்று வையுங்கள். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை என்றால் சராசரி 100 மைக்ரோஆம்பியர். 225 மில்லிஆம்பியர்-மணி செல் சுமார் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். கூட்டின் வெப்பம் நொடிக்குப் பத்து தடவையா மாறுகிறது? 5 நொடி வையுங்கள், சராசரி 2 மைக்ரோஆம்பியர்தான். இணைப்பு ஏற்காத வகையைத் தேர்ந்தெடுத்தால் அனுப்பியபின் பதிலுக்குக் காது கொடுக்கும் செலவும் மிச்சம்.

அடுத்தது தூக்க மின்னோட்டம், அதாவது சிப் வேலையின்றித் தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டம். உண்மையான திருட்டு நடப்பது இங்கேதான். மீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்துத் தொடரில் கோத்தால், அதன் உள் ரெசிஸ்டரில் மின்னழுத்தம் விழுந்து சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். கெபாசிட்டரை மாட்யூல் பக்கம் போட்டு, மீட்டரின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்; தூங்கிய பிறகு வயரை எடுங்கள். சுமார் 2 மைக்ரோஆம்பியர் காட்ட வேண்டும். செராமிக்குக்குப் பதில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போட்டிருந்தால் அதன் கசிவும் சேர்ந்தே தெரியும்.

நூற்றுக்கணக்கில் காட்டினால் சீரியல் போர்ட்டை மூட மறந்திருப்பீர்கள். 45-க்கு மேல் நின்றால் சென்சார் தொடர் அளவீட்டில் இருக்கிறது. ஒற்றை அளவீட்டுக்கு மாற்றி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை படியுங்கள். 640 என்றால் சிப்பையும் சென்சாரையும் இணைக்கும் ஐ2சி கம்பி ஒன்று 0 வோல்ட்டுக்கு இழுபட்டே நிற்கிறது: அதன் 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டரில் 3 வோல்ட் விழுகிறது. இரண்டே வாரத்தில் செல் காலி.

மேசையில் சரியாக இருந்தது தோட்டத்தில் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சால்டர் செய்தபின் துடைக்காத ஃப்ளக்ஸ் பசை ஈரம் குடித்து, செல் ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையே 100 கிலோஓம் பாதை உண்டாக்கினால் 30 மைக்ரோஆம்பியர் வீண். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, சென்சாரின் துளையை டேப்பால் மூடிவிட்டு, போர்டின்மேல் ஈரம் தடுக்கும் கோட்டிங் அடியுங்கள். பிறகு டேப்பை எடுக்க மறக்காதீர்கள்.

பெட்டியருகே போனைத் திறந்ததும் அளவு வரவில்லையே என்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். இடைவெளி 5 நொடி. ஒரு பாக்கெட் தவறினாலும் 15 நொடிக்குள் வந்துவிடும்.